தொப்பூர் இறக்கத்துக்கு முன் பிரேக்கைப் பாருங்கள்: பழைய கார்களில் நன்கொடைப் பயணம் போகிறவர்களுக்கு

பள்ளிக்குப் பொருள் கொடுக்கவும் நிதி திரட்டவும் பழைய கார்களோடு குழுவாக நன்கொடைப் பயணம் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் எஞ்சினைத்தான் பார்க்கிறார்கள். கார்புரேட்டர் கழுவப்படும், பம்பர் பளபளக்கும். ஆனால் கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி வழியாகச் சேலம் இறங்கும் தேசிய நெடுஞ்சாலை 44இல் அந்த வண்டிக்கு உண்மையான சோதனை தொப்பூர் கணவாயில்தான். ஏற்றத்தில் கோளாறு வந்தால் ரேடியேட்டர் கொதிக்கும், ஓரங்கட்டிவிடலாம். இறக்கத்தில் ஓரங்கட்டவே பிரேக் வேண்டும்.

தொப்பூர் விபத்து என்றால் லாரிதான் நினைவுக்கு வரும். டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் உருட்டுவது, பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவது, முன்னால் நிற்கும் வண்டிகளில் மோதுவது. நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக் (சக்கரத்தோடு சுழலும் உருளையை உள்ளிருந்து அழுத்தி நிறுத்தும் வகை) உள்ள பழைய அம்பாசடருக்கும் பத்மினிக்கும் அதே ஆபத்து உண்டு. சூட்டில் டிரம் விரிந்து, அதை உரசி நிறுத்தும் லைனிங்கை விட்டு விலகும். லைனிங்கின் பிடிப்பும் குறையும். பெடல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கும். எரிந்த வாடை வந்தால் அதுவே எச்சரிக்கை.

இதைவிட மோசமானது பழைய பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 என்ற தர வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது தர அளவு. ஈரம் ஏறிய பின் அந்த அளவு 140 டிகிரிதான். கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும், பெடலை மிதித்தால் பஞ்சு போல அமுங்கும். வருடத்தில் நான்கு முறை மட்டும் ஷெட்டை விட்டு வெளியே வரும் வண்டியில்தான் ஆயில் மாற்ற மறந்துபோகும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுதாக மாற்றி, நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்துவிடுங்கள், அதாவது குழாயில் மாட்டிய காற்றை வெளியேற்றுங்கள். அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை ஊற்றினால் சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டரின் ரப்பர் வாஷர்கள் ஊதிப்போகும்.

பழைய வண்டிகளில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன்தான். ஒரு ஹோஸ் (ரப்பர் குழாய்) வெடித்தால் நான்கு பிரேக்கும் போகும். வெளியே நன்றாகத் தெரியும் ஹோஸ்கூட உள்ளே வீங்கியிருக்கலாம்; ஆயிலைப் போக விடும், திரும்ப விடாது. அந்தச் சக்கரம் எப்போதும் உரசிக்கொண்டே ஓடும். கண்டுபிடிப்பது எளிது. அதிகம் பிரேக் போடாமல் ஐந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அதைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இந்தச் சோதனையைப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே செய்யுங்கள், கிளம்பும் அன்று காலையில் அல்ல.

இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள். ஏறுவதற்கு எந்தக் கியர் தேவையோ அதே கியரில் இறங்குவது பழைய கணக்கு, இன்றைக்கும் சரியான கணக்கு. ஸ்டியரிங் பக்கத்துக் கியர் ராடுகளின் இணைப்பில் உள்ள புஷ் (சிறு வளையம்) தேய்ந்திருந்தால் பாதி இறக்கத்தில் கியர் விழாது, நியூட்ரலில் மாட்டிக்கொள்ளும். அதையும் முன்பே மாற்றுங்கள். காலைப் பெடலிலேயே வைத்துத் தேய்க்காதீர்கள். அழுத்தி வேகத்தை 40இலிருந்து 25க்குக் கொண்டுவந்து முழுதாக விடுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விழும். டிரம் சூடாக இருக்கும்போது வண்டியை நிறுத்தினால் கைபிரேக்கும் போட வேண்டாம், ஆறும்போது இறுகிக்கொள்ளும். சமதளத்தில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

நன்கொடைப் பயணத்துக்கே உரிய தவறு ஒன்று உண்டு. பள்ளிக்குக் கொடுக்கும் அரிசி மூட்டையையும் நோட்டுப் புத்தகத்தையும் டிக்கியில் ஏற்றிவிடுவார்கள், ஆட்களும் ஐந்து பேர். 25 கிலோ மூட்டை நான்கு என்றால் இன்னும் ஒன்றரை ஆள் எடை. அத்தனையும் அந்த டிரம்களுக்குத்தான் சூடாகப் போய்ச் சேரும். பொருள்களைத் தனி டெம்போவில் அனுப்புங்கள். நிதி திரட்ட இருக்கைக்குக் காசு வாங்கி ஆளேற்றுவதும் வேண்டாம். சொந்த உபயோக வண்டியில் அது வாடகை ஆகிவிடும், விபத்தானால் காப்பீட்டில் சிக்கல் வரும். 50 வருடம் கடந்து விண்டேஜ் பதிவு பெற்ற வண்டியை வணிகத்துக்கு ஓட்டவே கூடாது என்பது 2021இல் வந்த விதி.

பத்து வண்டியும் ரயில் மாதிரி ஒட்டிக்கொண்டு இறங்காதீர்கள். மூன்று மூன்றாகப் பிரித்து, முன் வண்டிக்குக் குறைந்தது மூன்று நொடி இடைவெளி விட்டு, இடப்பக்கமே இறங்குங்கள். குழுப் படத்தைத் தருமபுரியிலேயே எடுத்துவிடுங்கள். கணவாயில் வண்டி நின்றுபோனால் ஆட்கள் முதலில் தடுப்புக்கு அப்பால் போக வேண்டும், எச்சரிக்கை முக்கோணம் பின்னால் தூரத்தில் இருக்க வேண்டும், அப்புறம்தான் பானெட். நெடுஞ்சாலை உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108.