பெப்டைடு: பக்குவத்தின் தூரத்து உறவு

முற்றின ஆட்டுக்கறி சீக்கிரம் வேகவேண்டும் என்றால் ஒரு துண்டு பப்பாளிக்காயை அதோடு சேர்த்துவிடுவார்கள். காயின் பாலில் இருக்கும் பப்பெயின் என்ற நொதி கறியின் புரதத்தை ஆங்காங்கே வெட்டிவிடுவதால் கறி மெத்தென்று ஆகிவிடும். அப்படி வெட்டுப்பட்டு விழும் சிறு துண்டின் பெயர்தான் பெப்டைடு. புரதச் சங்கிலியின் கண்ணிகளான அமினோ அமிலங்கள் இரண்டு கோத்துக்கொண்டாலே அது பெப்டைடு. ஏறக்குறைய ஐம்பதைத் தாண்டிய சங்கிலியைப் புரதம் என்று சொல்லத் தொடங்குவார்கள். கறாரான எல்லைக்கோடு கிடையாது. முட்டை வெண்கருவின் புரதத்தை இப்படி நொதியால் வெட்டி, எண்ணெய்ப் பண்டம் சிக்குப்பிடிக்கக் காரணமான ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பெப்டைடுகளை எடுக்கும் ஆய்வுத்துறை ஒன்று உண்டு. அதன் பெயரைத் தமிழில் எப்படி எழுதலாம் என்பதுதான் இங்கே கேள்வி.

இந்தப் பெயரை வைத்தவர் ஜெர்மன் வேதியியலாளர் எமில் ஃபிஷர், 1902 வாக்கில். வயிற்றில் புரதம் செரிக்கும்போது உண்டாகும் கலவைக்கு அப்போதே ‘பெப்டோன்’ என்ற பெயர் இருந்தது. அதன் தலையையும் ‘சாக்கரைடு’ என்ற சர்க்கரைப் பெயரின் வாலையும் ஒட்டி ‘பெப்டைடு’ ஆக்கினார். பெப்டோனுக்கும் முன்னால் வந்தது பெப்சின். இரைப்பையில் புரதத்தைச் செரிக்க வைக்கும் பொருளுக்கு தியோடர் ஷ்வான் 1836இல் வைத்த பெயர் அது. அந்தப் பொருள் வேலை செய்கிறதா என்று பார்க்க அவர் எடுத்துக்கொண்டது எதை? கெட்டிப்பட்ட முட்டை வெண்கருவை. ஆக, இந்தச் சொற்குடும்பம் பிறந்த இடத்திலேயே முட்டை இருந்திருக்கிறது.

பெப்சினுக்கு அடியில் இருப்பது ஒரு கிரேக்க வினை. சமைத்தல், பழுத்தல், செரித்தல் என்று மூன்று பொருளும் அதற்கு உண்டு. சமஸ்கிருதத்தின் ‘பச்’ என்ற வினைக்கும் அதே மூன்று பொருள்தான். இரண்டும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை என்பது மொழியியலாளர் முடிவு. அந்த ‘பச்’சின் வழியாகத்தான் பக்குவம், நளபாகம் எல்லாம் தமிழுக்கு வந்தன. கறி பக்குவமாக வெந்தது என்கிறோம், மாங்காய் பக்குவத்துக்கு வந்துவிட்டது என்கிறோம். பெப்டைடு அந்நியமாக ஒலித்தாலும் நம் அடுப்படிச் சொல்லுக்குத் தூரத்து உறவு. இதை முதன்முதலில் தெரிந்துகொண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல.

சரி, முட்டைக்கு வருவோம். வெண்கருப் புரதத்தில் பாதிக்கு மேல் ஓவால்புமின். 385 அமினோ அமிலங்கள் கொண்ட சங்கிலி அது, இறுக்கமாகச் சுருண்டு கிடக்கும். ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கக்கூடிய டைரோசின் போன்ற அமினோ அமிலங்கள் பலவும் அந்தச் சுருளுக்குள் மறைந்திருக்கின்றன. நொதி வெட்டினால்தான் வெளியே வரும். பச்சை வெண்கருவில் ஒரு இடைஞ்சலும் உண்டு: அதிலுள்ள ஓவோமியூகாய்டு என்ற புரதம், புரதத்தை வெட்டும் டிரிப்சின் என்ற நொதியையே முடக்கிவிடும். அதனால் எந்த நொதி, எவ்வளவு சூடு, எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் கணக்குப் பார்த்துச் செய்யவேண்டியவை. பெப்சின் என்றால் வயிற்றில் இருப்பதுபோல நல்ல அமிலத்தன்மையும் 37 டிகிரி செல்சியஸ் வெப்பமும் வேண்டும். போதுமான அளவு வெட்டியதும் சூடேற்றியோ அமிலத்தன்மையை மாற்றியோ நொதியை நிறுத்திவிடுவார்கள். இல்லாவிட்டால் அது மேலும் மேலும் வெட்டிக்கொண்டே போகும்.

ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2004இல் பெப்சினைக் கொண்டு இதைச் செய்து காட்டினார்கள். கிடைத்த துண்டுகளில் 9 அமினோ அமிலங்கள் கொண்ட ஒன்று ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பதில் சிறப்பாக வேலை செய்தது. அதில் டைரோசின் இரண்டு இடங்களில் வருகிறது. பழைய முறுக்கில் சிக்கு வாடை அடிக்கக் காரணமான தனி உறுப்புகளுக்கு (ஃப்ரீ ரேடிக்கல் எனப்படும், எதையும் தாக்கத் துடிக்கும் மூலக்கூறுகளுக்கு) டைரோசின் தன் ஹைட்ரஜனைக் கொடுத்து அடக்கிவிடும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. சோதனைக் குழாயில் இப்படி நடப்பதால் உடம்புக்குள்ளும் அப்படியே நடக்கும் என்று ஆகிவிடாது. சாப்பிட்ட பெப்டைடைக் குடல் மறுபடியும் வெட்டும்.

அப்புறம், இந்தத் துறையின் சொற்களைத் தமிழில் எப்படி எழுதுவது? என்சைமுக்கு ‘நொதி’ அருமையாக அமைந்துவிட்டது. கிரேக்க மூலத்துக்கு ‘புளிமாவுக்குள்’ என்று பொருள், நம் சொல்லும் நொதித்தலிலிருந்தே வருகிறது. ஈழத்தில் ‘நொதியம்’ என்பார்கள். ஆன்டிஆக்சிடன்டை ‘எதிர் ஆக்சிஜனேற்றி’ என்று எழுதினால் எதையோ ஏற்றுவது போலத் தொனிக்கிறது. ‘ஆக்சிஜனேற்றத் தடுப்பான்’ என்றால் வேலை என்ன என்பது சொல்லிலேயே விளங்கிவிடும். ஈழ வழக்கின்படி அங்கே ஆக்சிஜனேற்றம் ‘ஒட்சியேற்றம்’ ஆகும்.

பெப்டைடுக்குப் ‘புரதக்கூறு’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் முழு மனநிறைவு இல்லை. அமினோ அமிலமும் புரதத்தின் கூறுதானே? பொது வாசகருக்குப் ‘புரதத் துணுக்கு’ என்று சொன்னால் வெட்டுப்பட்டது என்ற பொருளும் சேர்ந்து கிடைக்கிறது. பாடநூலிலும் ஆய்விலும் ‘பெப்டைடு’ அப்படியே இருக்கட்டும் என்பேன், பக்குவத்தின் உறவை வெளியே அனுப்ப மனமில்லை. அப்படியானால் இந்தத் துறையின் பெயரைச் சுருக்கமாக இப்படி எழுதலாம்: வெண்கருப் புரதங்களை நொதியால் வெட்டி, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பெப்டைடுகளைப் பெறுதல்.