அனெக்சின்: சவ்விணைப் புரதம்

கொழும்பு வெள்ளவத்தையில் வீடு தேடுகிறவர்களுக்கு 'அனெக்ஸ்' என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. பெரிய வீட்டோடு சேர்த்துக் கட்டி, தனி வாசல் வைத்து வாடகைக்கு விடும் பகுதி அது. கல உயிரியலில் வரும் 'அனெக்சின்' என்ற புரதக் குடும்பத்தின் பெயருக்கும் வேர் அதுதான். இலத்தீனில் 'நெக்தெரே' என்றால் கட்டுதல். முன்னால் 'அத்' சேர்ந்தால் ஒன்றோடு சேர்த்துக் கட்டுதல். இதைக் கிரேக்கச் சொல் என்று சிலர் எழுதுவது பிழை. கிரேக்க வேர் உள்ளது இக்குடும்பத்தின் 'சினெக்சின்' என்ற புரதத்துக்கு. 'சினெக்சிஸ்' என்றால் சந்திப்பு.

அந்தச் சினெக்சின் 1978இல் அதிரினல் சுரப்பியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. கல்சியம் இருக்கும்போது, அதிரினலின் அடங்கிய சிறுமணிகளை அது ஒன்றோடொன்று ஒட்டச் செய்தது. அப்புறம் லிப்போகோர்ட்டின், கல்பாக்டின், எண்டோநெக்சின் என்று ஆய்வுகூடத்துக்கு ஒரு பெயராக வந்தன. எல்லாம் ஒரே குடும்பம் என்று தெரிந்ததும், 1990இல் அனெக்சின் என்ற பொதுப்பெயர் முன்மொழியப்பட்டது. சினெக்சின் இன்று அனெக்சின் ஏ7.

கலத்தின் வெளியே உள்ள கல்சியம் அயன் செறிவு, உள்ளே இருப்பதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு. உள்ளே அது உயரும்போது, அனெக்சினுக்கும் மென்சவ்வின் கொழுப்புகளான பொசுபோலிப்பிட்டுகளுக்கும் இடையில் கல்சியம் பாலமாகிறது. கல்சியத்தை அகற்றினால் புரதம் பெரும்பாலும் கழன்றுவிடும். மென்சவ்வு கிழிந்து கல்சியம் உள்ளே பாயும் இடத்தில் இவை விரைந்து கூடி, கிழிசலை அடைக்க உதவுவதும் இதனால்தான்.

தமிழ்ப் பெயர் வைக்கும்போது இந்தக் கழலும் தன்மையை மறக்கக் கூடாது. 'மென்சவ்வுப் புரதம்' என்றால் சவ்வுக்குள் நிலையாகப் பதிந்திருப்பவை நினைவுக்கு வரும். 'பிணை' என்று தொடங்கினால், பங்கீட்டு வலுப்பிணைப்புப் படித்த உயர்தர மாணவருக்கு இரசாயனப் பிணைப்பு என்றே தோன்றும். 'சவ்வுகளை ஒன்றாக்கும் புரதம்' என்பதும் மிகை. ஆய்வுகூடத்தில்கூட, சினெக்சின் ஒட்டிவைத்த சிறுமணிகள் ஒன்றாகக் கலக்க அரகிடோனிக் அமிலம் போன்ற கொழுப்பமிலம் தேவைப்பட்டது. கலத்துக்குள் அந்த வேலையைப் பெரும்பாலும் செய்பவை ஸ்னேர் புரதங்கள். ஆகவே என் தேர்வு 'சவ்விணைப் புரதம்'. மென்சவ்வோடு இணைகிறது, சிலவேளை இரண்டு சவ்வுகளை அருகே கொண்டுவந்து இணைக்கிறது. இரண்டுக்கும் இச்சொல் பொருந்தும்.

கொழும்பில் தமிழில் மருத்துவக் குறிப்பு எழுதுகிறவர்கள் அனெக்சின் ஏ5ஐத்தான் அதிகம் சந்திப்பார்கள். பொசுபாத்திடைல் செரீன் என்ற கொழுப்பை உயிருள்ள கலம் மென்சவ்வின் உட்புறத்திலேயே வைத்திருக்கும். திட்டமிட்ட கல இறப்புத் தொடங்கியதும் அது வெளிப்புறம் திரும்பும். ஒளிரும் சாயம் இணைத்த அனெக்சின் ஏ5, கல்சியத்தின் துணையோடு அதைப் பற்றிக்கொள்ள, இறக்கும் கலங்கள் ஒளிர்கின்றன. ஆனால் கலத்தின் மென்சவ்வு கிழிந்திருந்தாலும் ஏ5 உள்ளே நுழைந்து ஒட்டும். அதனால் கிழிந்த கலங்களுக்குள் மட்டும் புகும் இன்னொரு சாயத்தையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

முதல் தடவை 'அனெக்சின் என்னும் சவ்விணைப் புரதம்' என்று எழுதினால் சரி, பிறகு அனெக்சின் போதும். ஏ5, ஏ7 போன்ற எண்களை மட்டும் மாற்றக் கூடாது: மனிதரிடம் உள்ள அனெக்சின்கள் 12, ஆனால் ஏ12 என்ற எண் எதற்கும் கொடுக்கப்படாததால் வரிசை ஏ13இல் முடிகிறது.