இங்கிலாந்தில் வாடகை வீடு: குளிர்காலச் சூடு யார் பொறுப்பு, பில் எங்கே குறையும்

வாடகை வீட்டில் இத்தனை டிகிரி சூடு இருக்க வேண்டும் என்று இங்கிலாந்துச் சட்டம் நேரடியாக ஓர் எண்ணைச் சொல்வதில்லை. அதனால் வீட்டுக்காரருக்குப் பொறுப்பே கிடையாது என்று இரு தரப்பும் நினைத்துக்கொள்வதுண்டு. பொறுப்பு இருக்கிறது, நாலைந்து விதிகளில் சிதறிக் கிடக்கிறது.

1985ஆம் ஆண்டு வீட்டுரிமையாளர், வாடகைதாரர் சட்டத்தின் 11ஆம் பிரிவுதான் அடிப்படை. பாய்லர், ரேடியேட்டர், சுடுநீர்க் குழாய் எல்லாவற்றையும் பழுதில்லாமல் வைத்திருப்பது வீட்டுக்காரர் கடமை. "பாய்லர் பழுது குடியிருப்பவர் செலவு" என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருந்தாலும் அந்த வரி செல்லாது. ஆனால் பழுது வீட்டுக்காரருக்குத் தெரிந்த பிறகுதான் கடமை தொடங்குகிறது. போனில் சொன்னதோடு நிறுத்தாமல், தேதியோடு ஒரு மெசேஜோ மின்னஞ்சலோ அனுப்பி வையுங்கள். அசையாவிட்டால் கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்குப் போகலாம். 2004ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின்படி கடுங்குளிரும் ஈரப் பூஞ்சையும் ஆபத்துகளாகவே மதிப்பிடப்படுகின்றன.

அடுத்தது இபிசி எனப்படும் எரிசக்திச் சான்றிதழ். தரம் ஏ முதல் ஜி வரை, செல்லுபடி 10 ஆண்டு. எஃப், ஜி தர வீட்டை 2018 ஏப்ரல் 1 முதல் புதிதாக வாடகைக்கு விட முடியாது. 2020 ஏப்ரல் 1 முதல் ஏற்கெனவே ஆள் இருக்கும் வீட்டுக்கும் அதே விதி. வேல்ஸிலும் இதுதான், ஸ்காட்லாந்து வேறு. தரத்தை உயர்த்த வீட்டுக்காரர் செலவழிக்க வேண்டிய உச்சவரம்பு வரிசேர்த்து 3,500 பவுண்ட். அதைச் செலவழித்தும் குறைந்தபட்சமான இ தரம் வராவிட்டால் விலக்குப் பதிவேட்டில் பதிய வேண்டும். பதியாத விலக்கு விலக்கே அல்ல. அது 5 ஆண்டு நிற்கும், வீட்டை விற்றால் வாங்கியவருக்குப் போகாது. மீறினால் மூன்று மாதத்துக்குள் என்றால் 2,000 பவுண்ட் வரை, அதற்கு மேல் 4,000 பவுண்ட் வரை அபராதம். உங்கள் வீட்டின் தரத்தை அரசின் இணையப் பதிவேட்டில் அஞ்சல் குறியீட்டைப் போட்டு யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

பலர் இபிசி மதிப்பெண்ணைக் கோட்டைவிடுவது செலவில் அல்ல, ஆதாரத்தில். லாஃப்டில், அதாவது கூரைக்கு அடியிலுள்ள இடத்தில், பலகை அடித்து மூடியிருந்தால் மதிப்பீட்டாளருக்கு உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. கட்டடத்தின் வயதை வைத்து மென்பொருள் தானாக ஓர் ஊகம் போட்டுக்கொள்ளும். 270 மில்லிமீட்டர் தடிமனில் குளிர்காப்புக் கம்பளி விரித்ததற்கு ரசீதும் அளவுகோல் வைத்த படமும் இருந்தால்தான் அந்த மதிப்பெண் கிடைக்கும். லண்டனின் ஈஸ்ட் ஹாம் பக்கத்துப் பழைய வரிசை வீடுகளில் பெரும்பாலும் இடைவெளியில்லாத திடச் சுவர்தான், அங்கே சுவருக்குள் நுரை அடிக்கும் பேச்சுக்கே இடமில்லை. எனவே முதலில் லாஃப்ட், பிறகு சுடுநீர் சிலிண்டர் இருந்தால் அதற்கு 80 மில்லிமீட்டர் உறை, ரேடியேட்டர்களுக்குச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வால்வு. பாய்லரைக் கழற்றிவிட்டுச் சுவரில் மலிவான மின் ஹீட்டர் மாட்டினால் தரம் சரிந்துவிடும். இபிசி கணக்கு எரிபொருள் செலவை வைத்தது, யூனிட்டுக்கு மின்சாரம் கேஸைவிடப் பல மடங்கு விலை.

கேஸ் பாதுகாப்புச் சோதனை ஆண்டுக்கொரு முறை, கேஸ் சேஃப் என்ற அதிகாரபூர்வப் பட்டியலில் பதிவுள்ளவரால் மட்டும். சோதனைப் பதிவின் நகலை 28 நாளுக்குள் குடியிருப்பவருக்குத் தர வேண்டும். காலாவதிக்கு இரண்டு மாதம் முன்புவரை செய்துகொள்ளலாம், பழைய தேதி மாறாது. டிசம்பரில் முடிகிற சான்றை அக்டோபரிலேயே முடித்துக்கொண்டால் ஆள் கிடைக்காமல் அலைய வேண்டாம். பாய்லர் இருக்கும் அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் 2022 அக்டோபர் 1 முதல் கட்டாயம்.

இனி பில். சிலிண்டர் இல்லாமல் சுடுநீரை அவ்வப்போது சூடாக்கித் தரும் காம்பி பாய்லரின் முகப்பில் ரேடியேட்டர் படம் போட்ட குமிழ் இருக்கும், பெரும்பாலும் 75, 80 டிகிரியில் விட்டுவிட்டுப் போயிருப்பார்கள். 60க்குக் குறையுங்கள். திரும்பி வரும் தண்ணீர் 55க்குக் கீழே இருந்தால்தான் புகையின் ஈரம் ஒடுங்கி, அதன் சூடும் வீட்டுக்குக் கிடைக்கும். அறை சூடாகச் சற்று நேரம் கூடும், அவ்வளவுதான். தனிச் சுடுநீர் சிலிண்டர் உள்ள வீட்டில் இதைச் செய்யாதீர்கள். அதிலுள்ள நீர் 60 டிகிரியை எட்டாவிட்டால் லீஜியோனெல்லா கிருமி வளரக்கூடும்.

ரேடியேட்டரின் மேல்பக்கம் குளிர்ந்து, அடிப்பக்கம் மட்டும் சூடாக இருந்தால் உள்ளே காற்று. ஹீட்டிங்கை நிறுத்தி, ஆறவிட்டு, மூலைத் திருகைச் சாவியால் கால் சுற்று திருப்புங்கள். 'உஸ்' சத்தம் நின்று தண்ணீர் கசிந்ததும் மூடிவிடுங்கள். பிறகு பாய்லர் அழுத்தமானியைப் பார்க்க மறக்கக் கூடாது. ஆறிய நிலையில் 1 முதல் 1.5 பார் இருக்க வேண்டும், குறைந்திருந்தால் அடியிலுள்ள நிரப்புக் குழாயால் ஏற்றலாம். வாராவாரம் இறங்கினால் எங்கோ கசிகிறது, அது வீட்டுக்காரர் வேலை. பாய்லர் மூடியை நீங்கள் திறக்கவே கூடாது.

கடுங்குளிர் நாளில் பாய்லர் கொடகொடவென்று சத்தம் போட்டு நின்றால் வெளிச்சுவரில் இறங்கும் மெல்லிய பிளாஸ்டிக் கழிவுநீர்க் குழாய் உறைந்திருக்கலாம். வெதுவெதுப்பான நீரை ஊற்றுங்கள், கொதிநீர் குழாயைப் பிளந்துவிடும். நுரை உறை போட்டு வைத்தால் இந்த வேலையே இல்லை.

பில் உங்கள் பெயரில் இருந்தால் நிறுவனத்தை மாற்றும் உரிமை உங்களுக்கு உண்டு. வீட்டுக்காரர் பெயரில் இருந்து அவர் உங்களிடம் வசூலித்தால், அவர் கட்டும் விலைக்கு மேல் யூனிட்டுக்கு ஒரு பென்னியும் லாபம் வைக்கக் கூடாது, எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெமின் மறுவிற்பனை விதி அது. வருமானத்தைப் பொறுத்த அரசு உதவித்தொகை பெறுபவருக்கு வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட் என்ற 150 பவுண்ட் மின்கட்டணத் தள்ளுபடி கிடைக்கும், ஆனால் தகுதி நாளில் மின்கணக்கு உங்கள் பெயரிலோ துணைவர் பெயரிலோ இருக்க வேண்டும். வீட்டுக்காரர் பெயரிலேயே கணக்கை விட்டுவைப்பவர்கள் இழப்பது பெரும்பாலும் இந்தப் பணத்தைத்தான்.