ஃபிக்ஸி செயினைத் துணியால் துடைக்காதீர்கள், தயவுசெய்து

இந்த வருடத்தில் இது மூன்றாவது விரல்.

போன சனிக்கிழமை கடை திறந்து அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. இருபது வயது மதிக்கத்தக்க பொடியன் ஒருவன், பெடலும் பின்சில்லும் சேர்ந்தே சுற்றுகிற ஃபிக்ஸி சைக்கிளின் பின்பக்கத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி தள்ளிக்கொண்டு வந்தான். மற்றக் கையில் சுட்டுவிரல் வெள்ளைக் கட்டுக்குள் மெழுகுதிரி மாதிரி நிமிர்ந்து நின்றது. "அங்கிள், செயினுக்குள்ள துணி மாட்டிட்டுது. எடுத்துத் தருவீங்களா?"

குனிந்து பார்த்தேன். பழைய டீசேட் துண்டு ஒன்று பின் பற்சில்லுக்கும் செயினுக்கும் நடுவில் போய்ச் சுருண்டு, கயிறு மாதிரி இறுகியிருந்தது. வெளியே தெரிந்த ஓரத்தில் எண்ணெய்க் கறுப்பு. அதற்குக் கீழே காய்ந்துபோன வேறொரு நிறம். நட்டைக் கழற்றி, சில்லை முன்னால் தள்ளி, துணியை இடுக்கியால் இழை இழையாக எடுக்கக் கால் மணித்தியாலம் பிடித்தது. விரலின் நுனியும் அரை நகமும் போய்விட்டன. ஒட்டவைக்க வழியில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம்.

நான் கேட்காமலே அவன் சொன்னான்: "மெதுவாத்தான் சுத்தினேன், அங்கிள்."

மார்ச்சில் வந்தவனும் அதைத்தான் சொன்னான். ஜூனில் வந்தவரோ நாற்பது தாண்டியவர், லண்டன் ஹேர்ன் ஹில் சைக்கிள் பந்தய ஓடுபாதையில் ஓட்டிப் பழகியவர். வேறு மொழியில் அவரும் அதையேதான் சொன்னார். இந்த 'மெதுவாத்தான்' என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

லண்டனில் சைக்கிள் திருத்துவதுதான் என் பிழைப்பு. சனிக்கிழமைகளில் ஃபிக்ஸி ஓட்டுகிற பொடியன்கள் கடை வாசலில் கூடுவார்கள். ஒருவன் 48-17 (முன்னால் 48 பல், பின்னால் 17 பல்) பூட்டியிருப்பான், இன்னொருவன் 49-15 பூட்டிவிட்டு முழங்கால் நோகிறது என்பான். கால் ஊன்றாமல் யார் அதிக நேரம் நிற்கிறார்கள் என்று தேநீர்க் கோப்பையோடு போட்டி வைப்பார்கள். நல்ல பிள்ளைகள். சைக்கிளைத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக வைத்திருப்பார்கள். வினையே அந்தத் தேய்ப்பில்தான் இருக்கிறது.

இது என்ன சைக்கிள் என்று கேட்கிற அப்பா அம்மாக்களுக்கு ஒரே வரி: இதில் ஃப்ரீவீல், அதாவது பெடல் நின்றாலும் சில்லைத் தனியே ஓடவிடுகிற பகுதி, கிடையாது. சில்லு சுற்றினால் பெடலும் சுற்றும். எந்தப் பக்கம் சுற்றினாலும், நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும்.

சரி, துணிக்கு வருவோம். நம் எல்லோருக்கும் செயின் துடைக்கும் பழக்கம் சாதாரண சைக்கிளில் வந்தது. யாழ்ப்பாணத்தில் என் அப்பாவின் கடையில் நானும் அப்படித்தான் படித்தேன். தொண்ணூறுகளில் பெட்ரோல் இல்லை, கரண்ட் இல்லை. ஊரே சைக்கிளில்தான் ஓடியது. பின்சில்லைத் தூக்கி நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவில் செய்தி கேட்ட காலம் அது. அப்போது செயின் துடைக்க அப்பா காட்டிக்கொடுத்த முறை: இடது கையால் செயினைத் துணியோடு பிடி, வலது கையால் பெடலைப் பின்பக்கமாகச் சுற்று. அந்தச் சைக்கிளில் அது சரியான முறை. பின்பக்கம் சுற்றினால் செயின் மட்டும்தான் ஓடும், சில்லு அசையாது. துணி சிக்கினால் பெடலை விடுவீர்கள், எல்லாம் அந்த இடத்திலேயே நிற்கும். முழுக் கட்டுப்பாடும் உங்கள் கையில்.

ஃபிக்ஸியில் அதே வேலையைச் செய்து பாருங்கள் என்று சொல்ல மாட்டேன், செய்யாதீர்கள். பின்பக்கம் சுற்றினாலும் சில்லு கூடவே சுற்றுகிறது. பெடலை விட்டாலும் சில்லு நிற்காது. அதுவரை நீங்கள் செயினை ஓட்டினீர்கள். கையை எடுத்த நொடியிலிருந்து சில்லு செயினை ஓட்டும்.

"மெதுவாகத்தானே சுற்றினேன்?" உங்கள் மெதுவைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெடலை ஒரு நொடிக்கு ஒரு சுற்று, அவ்வளவுதான் என்று வைப்போம். அதைவிட மெதுவாக யாரும் சுற்றி நான் பார்த்ததில்லை. முன்னால் 48 பல், பின்னால் 16 பல். பெடல் ஒரு தடவை சுற்றினால் சில்லு மூன்று தடவை சுற்றும். டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர். ஆக, ஸ்டாண்டில் தொங்குகிற அந்த டயர் மணிக்கு 22 கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது! அந்த வேகத்தில் சுற்றுகிற டயரையும் ரிம்மையும் வெறும் விரலால் பிடித்து நிறுத்தச் சொன்னால் நிறுத்துவீர்களா? செயினுக்குள் போகிற விரலிடம் நீங்கள் கேட்பது அதைத்தான்.

செயினின் கணக்கு இன்னும் மோசம். ஒவ்வொரு கண்ணியும் 12.7 மில்லிமீட்டர், 48 பல்லுக்கு 61 சென்டிமீட்டர். அதாவது உங்கள் 'மெதுவில்' செயின் ஒரு நொடிக்கு அறுபது சென்டிமீட்டர் ஓடுகிறது. துணி பிடித்த கைக்கும் பல்லுக்கும் நடுவில் இருபது சென்டிமீட்டர் என்றால், நூல் சிக்கியதிலிருந்து விரல் பல்லுக்குப் போக நொடியில் மூன்றில் ஒரு பங்கு. 'ஐயோ' என்று சொல்ல அது போதாது. அந்தப் பொடியனும் சொல்லவில்லை. சத்தம் கேட்கவில்லை, வலிக்கவுமில்லை, துணி ஏன் இழுக்கிறது என்றுதான் முதலில் யோசித்தானாம்.

இதற்குப் பிறகும், "அப்படியென்றால் இறுக்கமாகப் பிடிக்காமல் லேசாகப் பிடித்தால்?" என்று ஒருவர் கேட்டார். லேசாகப் பிடித்த துணிதான் ஐயா முதலில் சிக்கும். தளர்ந்த ஓரம்தான் பல்லுக்கு வேண்டும். "கையுறை போட்டால்?" என்றார். கையுறையும் துணிதான்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். செயின் நின்றிருக்கும்போது மட்டும் தொடுங்கள். எட்டுகிற துண்டைத் துடையுங்கள், கையை முழுதாக வெளியே எடுங்கள், பெடலைக் கொஞ்சம் சுற்றுங்கள், சில்லு அசையாமல் நின்ற பிறகு அடுத்த துண்டு. நாலைந்து தடவையில் முழுச் செயினும் முடிந்துவிடும். ஒரு பாட்டுக் கேட்கிற நேரம். ஓட ஓடத்தான் தேய்க்கவேண்டும் என்றால் நீளமான பிடி உள்ள பிரஷ், அல்லது பழைய பல்துலக்கி. அது சிக்கினால் பல்துலக்கிதான் உடையும். வடிவாகச் சுத்தம் செய்ய ஆசைப்படுகிறவர்கள் செயினைக் கழற்றிவிடுங்கள். இணைப்புக் கண்ணி இருக்கிறது, எதற்காக இருக்கிறது?

செயின் இறுக்கம் பார்க்கிறவர்களுக்கும் இதேதான். நடுவில் அழுத்தினால் அரை அங்குலம் அளவுக்கு மேலும் கீழும் அசைய வேண்டும், சரி. ஆனால் எங்கே இறுக்கம் கூடுகிறது என்று பார்க்கப் பெடலைச் சுற்றிக்கொண்டே விரலால் செயினைத் தட்டுவார்கள். ஸ்பேனர் பிடியால் தட்டுங்கள். என் இடது நடுவிரல் நகம் கோணலாக வளர்வதைப் பார்த்தவர்கள் காரணம் கேட்பதுண்டு. பத்து வருடத்துக்கு முன்னால் நானும் கெட்டிக்காரனாகத்தான் இருந்தேன்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறவர்களிடம் திட்டிப் பேச மனம் வரவில்லை, கெஞ்சிக் கேட்கிறேன். ஃபிக்ஸியை வரவேற்பறையில் தலைகீழாக நிறுத்தி வைக்காதீர்கள். மேலே நிற்கிற சில்லை எந்தப் பிள்ளையும் ஒரு தட்டுத் தட்டிச் சுழற்றும். சாதாரண சைக்கிளில் முன்பக்கம் தட்டினால் சில்லு மட்டும் சுற்றும், செயின் பெரும்பாலும் சும்மா இருக்கும். இதில் செயின், பெடல் எல்லாம் சேர்ந்து ஓடும், ஓடுவது பார்க்க அழகாகவும் இருக்கும். அண்ணன் தட்டுவான், தங்கை விரலை வைப்பாள். சுவரில் மாட்டினாலும் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள். எட்டும் என்றால் சில்லையும் சட்டத்தையும் சேர்த்து ஒரு பட்டியால் கட்டிவிடுங்கள். ஒரு பவுண்டுப் பட்டி போதும்.

தெருவிலும் இதே நினைப்புத்தான்: 'நான் நினைத்தால் நிறுத்திவிடுவேன்.' பெடலை மறிக்கிற கால்தான் பிரேக் என்று சொல்லிக்கொண்டு முன்பிரேக்கைக் கழற்றித் தரச் சொல்லி மாதம் ஒருவராவது வருகிறார்கள். நான் கழற்றுவதில்லை. இங்கிலாந்தில் 1983-ஆம் ஆண்டு விதிப்படி சைக்கிளுக்கு இரண்டு தனித்தனி பிரேக் வேண்டும். பெடலோடு சேர்ந்தே சுற்றுகிற பின்சில்லை ஒன்றாகக் கணக்கில் எடுக்கிறார்கள், ஆகவே முன்பிரேக் கட்டாயம். "ஓடுபாதைச் சைக்கிளில் பிரேக் இல்லையே?" என்பார்கள். 1891-இல் திறந்த ஹேர்ன் ஹில்லில் எல்லோரும் ஒரே திசையில் ஓடுகிறார்கள், எல்லோருக்கும் பிரேக் இல்லை. எந்தப் பாட்டியும் கீரைப்பையோடு குறுக்கே வருவதில்லை.

பிரேக் பிடித்தால் பாரம் முன்னால் போகும், பின்சில்லு இலேசாகும். எவ்வளவு பலமான காலாக இருந்தாலும் இலேசான சில்லு தெருவைப் பிடிக்காது. காய்ந்த தெருவில் மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும்போது நல்ல முன்பிரேக் ஏழு மீட்டரளவில் நிறுத்தும் இடத்தில், பின்சில்லு மட்டும் என்றால் அதைப்போல இரண்டு மடங்காவது ஓடும். காலால் பெடலை மறித்து, சில்லைச் சுற்றவிடாமல் சறுக்கினால் இன்னும் தூரம். 2016 பெப்ரவரியில் ஓல்ட் ஸ்ட்ரீட் பக்கம் தெருவைக் கடந்த ஒரு பெண், முன்பிரேக் இல்லாத ஃபிக்ஸி மோதி இறந்துபோனார். அடுத்த வருடம் ஓட்டியவனுக்கு 18 மாதத் தண்டனை கொடுத்தார்கள், குதிரை வண்டிக் காலத்து 1861-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ். மோதும்போது அவனுக்குப் பதினெட்டு வயது. என் கடை வாசலில் நிற்கிறவர்களின் வயது.

சறுக்குவதைப் பற்றித் தொழில்காரனாக ஒன்று சொல்லிவிடுகிறேன். 48-16 பூட்டியவன் ஒரே காலை முன்னால் வைத்து எப்போது சறுக்கினாலும் டயரில் ஒரே இடம்தான் தேயும். பெடல் அதே நிலைக்கு வரும்போது சில்லும் அதே நிலைக்கு வந்துவிடும். புது டயர் கொஞ்ச நாளில் ஒரே இடத்தில் ஓட்டையாகி வருகிறது, டயர் சரியில்லை என்று என்னோடு சண்டை. பின்னால் ஒரே ஒரு பல் கூட்டி 17 ஆக்கினால் தேய்மானம் பதினேழு இடத்துக்குப் பிரியும். இதைச் சொல்லிக்கொடுத்தால் என் டயர் வியாபாரம் படுக்கும், பரவாயில்லை.

இன்னொன்று. காலால் மறிக்கும்போது அந்த விசை முழுவதும் பின் பற்சில்லின் மரையில் விழுகிறது. அது கழன்றுவிடாமல் பிடிப்பது இடப்பக்க மரை கொண்ட பூட்டு வளையம். காசு மிச்சம் பிடிக்கச் சாதாரண ஃப்ரீவீல் பூட்டுகிற சில்லு மையத்தில் (ஹப்) பற்சில்லைத் திருகிப் பசை ஊற்றிக்கொண்டு வருகிறவர்களுக்கு நான் கதவைத் திறப்பதில்லை. அந்த மையத்தில் வளையம் பூட்ட இடமே கிடையாது.

நடந்தே விட்டால்? விரல் மாட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள். பதினைந்தாம் நம்பர் ஸ்பேனரால் பின்சில்லு நட்டுகள் இரண்டையும் தளர்த்தி, சில்லை முன்னால் தள்ளுங்கள்; செயின் தொய்ந்து இடம் விடும். கூட இருக்கிறவர்தான் இதைச் செய்ய வேண்டும், ஆகவே அந்த ஸ்பேனர் எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் தெரியட்டும். மோதிரம் இருந்தால் விரல் வீங்குவதற்கு முன்னால் கழற்றுங்கள். சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்துங்கள். நுனி துண்டாகிப் போயிருந்தால் தேடி எடுங்கள். ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் போட்டு இறுக்கமாக மூடி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். நேரே ஐஸில் போடக் கூடாது, தசை கெட்டுவிடும். என் வாடிக்கையாளர் ஒருவர் தாதி, இதை அவர்தான் எனக்கு எழுதித் தந்தார். இந்தப் பொடியனின் நுனியை வீட்டில் நல்ல எண்ணத்தோடு ஃப்ரீசரில் வைத்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். ஏற்கெனவே நசிந்திருந்த துண்டு அது. வைக்காவிட்டாலும் ஒட்டியிருக்குமா தெரியாது.

துணி எடுத்த சைக்கிளை அவன் புதன்கிழமை வந்து கொண்டுபோனான். கட்டு கொஞ்சம் சிறிதாகியிருந்தது. முன்பிரேக் பூட்டித் தரட்டுமா என்றேன். கறுப்பு நிறத்தில் இருக்கிறதா என்று கேட்டான். இருக்கிறது.

காசுப் பெட்டிக்குப் பக்கத்தில் பழைய பால்மா டின் ஒன்றில் பல்துலக்கிகள் வைத்திருக்கிறேன். காசு வேண்டாம், எடுத்துக்கொண்டு போங்கள். செயின் துடைக்கத் துணி இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். தரமாட்டேன்.