ஊற்றிய தண்ணீர் எங்கே போகிறது? வளர்ப்புக் கூடாரத்தின் காற்றும் வெப்பமும் ஈரப்பதமும்

வீட்டுக்குள் விளக்கும் ஃபேனும் பொருத்திய துணிக் கூடாரம் போட்டு லெட்யூஸ், தக்காளி, மிளகாய், பேசில் வளர்ப்பவர்களுக்கு அதை அமைத்துக் கொடுப்பதும், செடி சுணங்கினாலோ பூசணம் பிடித்தாலோ போய்ப் பார்ப்பதும்தான் என் தொழில். கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் ஈரப்பதமானியின் படத்தைத்தான் அனுப்புவார்கள். 26 டிகிரி வெப்பம், 60 சதவீத ஈரப்பதம். "எல்லாம் சரியாத்தானே இருக்கு, அப்புறம் ஏன் இலை அழுகுது?" என்று கேட்பார்கள். நான் பதிலுக்குக் கேட்பது ஒன்றுதான்: விளக்கு அணைந்து இரண்டு மணி நேரம் கழித்து மீட்டர் என்ன காட்டியது? அந்த நேரத்தில் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

அதே 26 டிகிரி, 60 சதவீதக் காற்றையே எடுத்துக்கொள்வோம். அதில் ஈரம் கொஞ்சமும் கூடவில்லை, குறையவும் இல்லை. விளக்கு அணைந்ததால் வெப்பம் மட்டும் 20 டிகிரிக்கு இறங்குகிறது. குளிர்ந்த காற்று தாங்கக்கூடிய நீராவி குறைவு என்பதால் ஈரப்பதம் 86 சதவீதத்துக்கு ஏறிவிடும். 18 டிகிரிக்கு இறங்கினால் 98 சதவீதத்தை நெருங்கும். இன்னும் அரை டிகிரி குறைந்தால், நீராவி நீராக மாறத் தொடங்கும் பனிநிலை வந்துவிடும். இலைமேலும் கூடாரத் துணியிலும் நீர் கோத்துக்கொள்ளும். பொட்ரைட்டிஸ் என்ற சாம்பல் நிறப் பூசணத்துக்கு இலைமேல் சில மணி நேர ஈரம் போதும். பகல் முழுக்க மீட்டர் ஒழுங்கான எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வொரு இரவும் செடி நனைந்து கிடந்திருக்கும்.

நான் போய்ப் பார்க்கும் கூடாரங்களில் திரும்பத் திரும்பத் தென்படும் கோளாறு ஒன்று உண்டு. விளக்கும் எக்ஸாஸ்ட் ஃபேனும் ஒரே டைமரில் செருகப்பட்டிருக்கும். வெப்பத்தை வெளியேற்றத்தான் ஃபேன், விளக்கு அணைந்த பிறகு அது எதற்கு என்ற எண்ணம். ஃபேன் மிக அவசியமாகத் தேவைப்படும் நேரத்தில் அதுவும் சேர்ந்து நின்றுவிடும். அப்படி ஒரு கூடாரத்தில், விளக்கு எரியத் தொடங்குவதற்குச் சற்று முன்பு ஜிப்பைத் திறந்தபோது, பின்மூலைத் துணியில் கையை வைத்தால் உள்ளங்கை நனைந்தது. பேசில் செடிகளின் அடி இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஒட்டிய இரண்டு இலைகளைப் பிரித்தால் நடுவில் பழுப்பு நிறப் புள்ளி, அதன்மேல் மெல்லிய சாம்பல் நிறப் பொடி. மேலே இருந்த இலைகளோ அவ்வளவு பச்சையாக, அவ்வளவு செழிப்பாக இருந்தன. மேலேயிருந்து பார்ப்பவருக்கு இன்னும் ஒரு வாரத்துக்கு எதுவும் தெரிந்திருக்காது.

ஆகவே ஃபேனுக்குத் தனி இணைப்பு கொடுங்கள். இரவில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம், நிறுத்தக் கூடாது. தண்ணீர் ஊற்றுவதை விளக்கு எரிய ஆரம்பித்த முதல் சில மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள். விளக்கு எரியும் நேரத்துக்கும் அணைந்திருக்கும் நேரத்துக்கும் இடையிலான வெப்ப வித்தியாசம் ஐந்து டிகிரிக்குள் இருந்தால் நல்லது. வீடு இரவில் மிகவும் குளிரும் என்றால் அட்டவணையையே திருப்பிப் போடலாம்: இரவில் விளக்கு எரியட்டும், பகலில் அணைந்திருக்கட்டும். கூடாரத்தின் இருட்டு நேரம் வீட்டின் வெதுவெதுப்பான நேரத்தில் வந்து விழும். வெயில் காலத்திலும் இதே ஏற்பாடு கைகொடுக்கும். விளக்கின் சூடும் நண்பகலின் சூடும் ஒன்று சேராது.

இனி தண்ணீர்க் கணக்குக்கு வருகிறேன். செடி வேர் வழியாக உறிஞ்சும் நீரில் 97 சதவீதத்துக்கும் மேல் இலைத்துளைகள் வழியே நீராவியாகப் போய்விடும். செடியின் உடலில் தங்குவது மிகச் சொற்பம். நன்றாக வளர்ந்த செடிகள் நிறைந்த ஒரு கூடாரத்துக்கு நாளைக்கு 2 லிட்டர் ஊற்றுகிறீர்கள் என்றால், வடிந்தது போக மீதியெல்லாம் காற்றுக்குத்தான் போகிறது. 1.2 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம் உள்ள கூடாரத்தின் கொள்ளளவு 2.88 கன மீட்டர். 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றில் அதிகபட்சம் 23 கிராம் நீராவி இருக்க முடியும். அப்படியானால் அந்தக் கூடாரக் காற்று முழுவதும் சேர்ந்து தாங்குவது வெறும் 66 கிராம். நீங்கள் அனுப்புவதோ 2000 கிராம். காற்று நகராத கூடாரத்தில் என்ன ஆகும் என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

காற்று நகர்ந்தால் கதை மாறிவிடுகிறது. நிமிடத்துக்கு ஒரு முறை கூடாரத்தின் காற்று முழுதும் மாறுகிறது என்று வைத்துக்கொண்டால் அது மணிக்குச் சுமார் 173 கன மீட்டர். அந்த 2000 கிராமும் பதினாறு மணி நேரத்தில் வெளியேற வேண்டுமென்றால், ஒவ்வொரு கன மீட்டரும் உள்ளே வந்தபோது இருந்ததைவிட முக்கால் கிராமுக்கும் குறைவாகக் கூடுதல் ஈரத்தைச் சுமந்து போனால் போதும். எந்த இயந்திரமும் இவ்வளவு மலிவாக இந்த வேலையைச் செய்யாது. ஈரப்பதப் பிரச்சினை என்றதுமே காற்றின் ஈரத்தைப் பிடிக்கும் டீஹியூமிடிஃபையர் வாங்க ஓடுகிறவர்களிடம் ஃபேனை முதலில் சரிபார்க்கச் சொல்வது இதனால்தான்.

ஆனால் கூடாரத்தைவிட்டு வெளியேறிய அந்த 2 லிட்டர் எங்கே போகிறது? பெரும்பாலான வீடுகளில் அதே அறைக்குள்தான். 3 மீட்டருக்கு 3 மீட்டர் உள்ள ஓர் அறையின் காற்று மொத்தமும் சேர்ந்து அரை கிலோவுக்குச் சற்று அதிகமான நீராவியைத்தான் தாங்கும். கதவும் சன்னலும் அடைத்த அறை என்றால், எக்ஸாஸ்ட் வெளியே தள்ளுவதையே கூடாரம் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். மிச்ச ஈரம் சுவருக்குப் போகும். அலமாரிக்குப் பின்னால், வெளிச்சுவரின் குளிர்ந்த மூலையில், திரைச்சீலையின் பின்பக்கத்தில் கரும்புள்ளிகளாகத் தெரிய ஆரம்பிக்கும். செடியில் பூசணம் வந்தால் ஓர் அறுவடைதான் போகும். சுவரில் வந்தால் அதை மூச்சில் இழுப்பது வீட்டில் இருப்பவர்கள். ஆஸ்துமா இருப்பவர்கள், சின்னப் பிள்ளைகள் தூங்கும் அறையில் கூடாரம் போட வேண்டாம் என்று நான் கறாராகவே சொல்லிவிடுவேன். வேறு இடம் இல்லையென்றால் எக்ஸாஸ்ட் காற்று போகும் குழாயான டக்ட்டை சன்னல் வழியாக வீட்டுக்கு வெளியே கொண்டுபோங்கள். கூடாரத்தில் காளான் வளர்ப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். காளான் வித்துத்தூளைத் தொடர்ந்து சுவாசிப்பது நுரையீரலில் ஒவ்வாமை அழற்சியை உண்டாக்கக் கூடியது.

வெப்பத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. எல்இடி விளக்கு சூடாகாது என்று சொல்லி விற்கிறார்கள். 240 வாட் மின்சாரம் உள்ளே போனால் ஏறத்தாழ 240 வாட்டும் கடைசியில் கூடாரத்துக்குள் வெப்பமாகத்தான் முடியும். ஒளியாகப் புறப்பட்டதும் இலையிலும் துணியிலும் பட்டு வெப்பமாகிவிடும். அந்த 240 வாட் விளக்கு எரியும்போது கூடாரம் அறையைவிட 3 டிகிரிக்கு மேல் சூடாகாமல் இருக்க மணிக்குச் சுமார் 240 கன மீட்டர் காற்று வேண்டும். செடியின் நீராவிப்போக்கு ஒரு பங்கு வெப்பத்தை எடுத்துக்கொள்ளும் என்பதால் நடைமுறையில் சற்றுக் குறைவாகவும் போதும். வாசனையைப் பிடிக்கும் கார்பன் ஃபில்டர், நீளமான டக்ட், டக்ட்டின் ஒவ்வொரு வளைவு என எல்லாமே ஃபேனின் வேகத்தைத் தின்னும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் எந்தத் தடையும் இல்லாத நிலையில் அளந்தது. ஆகவே கணக்கில் வருவதைப்போல ஒன்றரை மடங்கு திறனுள்ள ஃபேனை வாங்கி, குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். சத்தமும் குறையும்.

ஒன்றை மறக்க வேண்டாம். ஃபேன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கூடாரத்தை அறையைவிடக் குளிர்ச்சியாக்க அதனால் முடியாது. அறை 33 டிகிரி என்றால் கூடாரம் 33க்குக் கீழே இறங்காது. தக்காளி பூவை உதிர்க்கும். லெட்யூஸ் குருத்து நீண்டு பூக்கத் தொடங்கி, இலை கசக்கும். அப்போது செய்யக்கூடியது விளக்கின் வெளிச்சத்தைக் குறைப்பது, அதற்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டியான டிரைவரைக் கழற்றிக் கூடாரத்துக்கு வெளியே தொங்கவிடுவது, இல்லையென்றால் அறையையே குளிர்விப்பது.

காற்று வரும் வழி கீழே, போகும் வழி மேலே, இரண்டும் எதிரெதிர் மூலையில். வரும் வழியில் ஃபேன் இல்லையென்றால் அந்தத் திறப்பு எக்ஸாஸ்ட் துளையைப்போல இரண்டு மூன்று மடங்கு பெரிதாக இருக்கட்டும். ஃபேன் ஓடும்போது துணிச்சுவர் லேசாக உள்வாங்கினால் சரி. செடியைத் தொடும் அளவுக்கு உள்ளே குழிந்தால் காற்று வர வழி போதவில்லை என்று பொருள். துணி வெளியே உப்பினால், அழுக்குக் காற்று ஃபில்டருக்குப் போகாமல் தையல் இடுக்குகளில் கசிகிறது.

எக்ஸாஸ்ட் நன்றாக ஓடினாலும் இலைகளுக்கு நடுவே காற்று தேங்கி நிற்கலாம். லெட்யூஸின் நடுக்குருத்தில் இளம் இலைகளின் விளிம்பு கருகுவதைப் பார்த்ததும் பலர் கால்சியம் கலந்து ஊற்றுகிறார்கள். பெரும்பாலும் நீரில் கால்சியம் இருக்கத்தான் செய்கிறது. அது நீராவிப்போக்கு இழுக்கும் நீரோடுதான் மேலே வரும். மூடிய குருத்துக்குள் ஈரக் காற்று தேங்கியிருந்தால் அந்த இலை நீரை இழுக்காது, கால்சியமும் வந்து சேராது. சின்ன கிளிப் ஃபேன் ஒன்றை மேலிருந்து குருத்தைப் பார்த்து மெதுவாக ஓடவிட்டால் புதிதாக வரும் இலைகள் கருகாமல் வருகின்றன. இலைகள் மெல்ல அசைய வேண்டும், அவ்வளவுதான். ஒரே செடிமேல் விடாமல் அடித்தால் இலை சுருண்டு முரடாகிவிடும்.

"எத்தனை சதவீதம் வைக்கணும்?" என்று கேட்பவர்களுக்கு ஒரே எண்ணை நான் சொல்வதில்லை. 20 டிகிரியில் 60 சதவீதமும் 30 டிகிரியில் 60 சதவீதமும் செடிக்கு ஒன்றல்ல. காற்றுக்கு இன்னும் எவ்வளவு தாகம் என்பதைச் சொல்லும் அளவு நீராவி அழுத்தப் பற்றாக்குறை. வளர்ப்பவர்கள் விபிடி என்பார்கள். முதல் நிலையில் அது 0.94 கிலோபாஸ்கல், இரண்டாவதில் 1.70. நாற்றுக்கு 0.4 முதல் 0.8, வளரும் செடிக்கு 0.8 முதல் 1.2, பூத்துக் காய்க்கும் செடிக்கு 1.2 முதல் 1.5 என்று வைத்துக்கொள்ளலாம். 1.7க்கு மேலேயே நாள் கணக்கில் நின்றால் செடி இலைத்துளையை மூடிக்கொண்டு வளர்ச்சியை நிறுத்தும். சூடான உலர்ந்த காற்றில் செஞ்சிலந்தியும் மளமளவென்று பெருகும்.

ஈரமான பருவத்தில் இந்தக் கணக்கு நமக்குச் சாதகமாகவும் திரும்பும். அறைக் காற்று 24 டிகிரி, 80 சதவீதம் என்று இருக்கட்டும். அதே காற்று கூடாரத்துக்குள் 28 டிகிரிக்குச் சூடானால் 63 சதவீதம் ஆகிவிடும். ஆகவே மழைக்காலத்தில் விளக்கின் சூட்டை அவசரப்பட்டு விரட்டாதீர்கள். இருட்டு நேரத்தில்தான் சிக்கல். 80 சதவீதக் காற்று அப்படியே உள்ளே வரும். டீஹியூமிடிஃபையர் உண்மையில் தேவைப்படுவது அப்போது. அதைக் கூடாரத்துக்குள் வைக்காமல் அறையில் வையுங்கள். ஒரு லிட்டர் நீரைப் பிடிக்கும்போது அது சுமார் 0.68 கிலோவாட் மணி வெப்பத்தை வெளியிடும். அது இழுக்கும் மின்சாரமும் அதோடு சேர்ந்து வெப்பமாகும்.

மீட்டரை இலைகளின் உயரத்தில், விளக்கு நேரடியாகப் படாமல் ஒரு சின்ன மறைப்புக்குக் கீழே தொங்கவிடுங்கள். அதிகபட்ச, குறைந்தபட்ச அளவுகளை நினைவில் வைத்துக்கொள்ளும் வகையே உபயோகம். சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, ஒரு மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்கு நீர் விட்டு, மீட்டரோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் ஒரு நாள் முழுக்க வையுங்கள். 75 சதவீதம் காட்ட வேண்டும். 68 காட்டினால் எப்போதும் 7 கூட்டிக்கொள்ளுங்கள்.

மின் இணைப்புகளில் விளையாட வேண்டாம். எக்ஸ்டென்ஷன் பெட்டி தரையில் கிடக்கக் கூடாது, உயரத்தில் மாட்டுங்கள். வயர் கீழே தொங்கி வளைந்து பிறகு மேலேறி சாக்கெட்டுக்குப் போகட்டும். வழியும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். துணிக் கூடாரத்துக்குள் அறை ஹீட்டரை வைக்காதீர்கள். கார்பன் டைஆக்சைடுக்காக உள்ளே எதையும் எரிக்கவும் வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. ஆள் புழங்கும் அறையின் காற்றில் செடிக்குத் தேவையான கார்பன் டைஆக்சைடு இருக்கிறது, ஃபேன் ஓடினால் அது உள்ளே வந்துவிடும்.

ஏற்கெனவே பூசணம் வந்துவிட்டது என்றால், முதலில் எல்லா ஃபேன்களையும் நிறுத்துங்கள். ஓடும் ஃபேன் வித்துக்களைக் கூடாரம் முழுக்கப் பரப்பிவிடும். முகக்கவசம் அணிந்துகொண்டு, பாதித்த இலையின்மேல் பையை மெதுவாகக் கவிழ்த்து, பைக்குள்ளேயே வெட்டி எடுத்து வாயைக் கட்டுங்கள். உதறக் கூடாது. கத்தரியை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு அடுத்த செடியைத் தொடுங்கள். அடி இலைகளைக் கழித்து, தொட்டிகளுக்கு இடையே ஒரு கை நுழையும் அளவு இடம் விட்டு, துணியையும் தரைத் தட்டையும் ஈரத்துணியால் துடைத்து உலரவிட்ட பிறகு ஃபேனைப் போடுங்கள். அன்று இரவு, விளக்கு அணைந்து இரண்டு மணி நேரம் கழித்து மீட்டரில் இருக்கும் எண்ணைக் குறித்துவைத்து, என்னைக் கூப்பிடும்போது அதையும் சொல்லுங்கள்.