கண்ணாடிக்குள் ஒரு வேப்பமரம்

அக்டோபர் மாதக் காலை ஒன்றில், எங்கள் குடியிருப்பின் மாடிப்படிக் கண்ணாடியில் ‘டப்’ என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் கீழே ஆறுமணிக்குருவி ஒன்று கிடக்கிறது. பச்சை முதுகு, இறக்கையில் நீலத் திட்டு, வாலடியில் சிவப்பு, கண்ணை ஒட்டி ஓடும் கறுப்புப் பட்டை. வடக்கே கோடையைக் கழித்துவிட்டுக் குளிர்காலத்துக்கு நம்மூருக்கும் இலங்கைக்கும் வருகிற பறவை. இத்தனை தூரம் இரவில் பறந்து வந்தது, வேப்பமரத்துக்கு எதிரே இருந்த கண்ணாடியில் மோதிவிட்டது. மூச்சு இருந்தது. செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் நாலு ஓட்டை போட்டு, உள்ளே வைத்து மூடினேன். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். அதற்குத் தேவை இருட்டும் அமைதியும்தான்.

“ஏன் சார், அதுக்குக் கண்ணு தெரியாதா?” என்றார் காவலாளி அண்ணன்.

நன்றாகவே தெரியும். கண்ணாடியில் அது பார்த்தது வேப்பமரத்தை. பகலில் வெளியே வெளிச்சம், உள்ளே இருட்டு. அந்த நேரத்தில் ஜன்னல் கண்ணாடி ஏறக்குறைய முகம் பார்க்கும் கண்ணாடிதான். கிளை, இலை, வானம் எல்லாம் அதில் அச்சு அசலாக விழும். நாமும் கண்ணாடியை நேராகப் பார்ப்பதில்லை; சட்டத்தையும் கைப்பிடியையும் பார்த்து ஊகித்துக்கொள்கிறோம். பளிச்சென்று துடைத்த கடைக்கதவில் மூக்கை இடித்துக்கொண்டவர்களுக்கு இது புரியும். பறவைக்கு அந்த ஊகம் கிடையாது. போதாக்குறைக்கு, பெரும்பாலான பறவைகளின் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால், இரு கண்ணும் சேர்ந்து பார்க்கும் முன்பக்கப் பரப்பு குறுகலானது.

இதில் வேடிக்கை என்னவென்றால், தோட்டம் பச்சையாக இருக்க இருக்க மோதல் கூடுகிறது. பறவைக்காக மரம் நடுகிறோம், தண்ணீர்த் தொட்டி வைக்கிறோம், எதிரே ஒரு பெரிய கண்ணாடியையும் மாட்டிவிடுகிறோம். தொட்டியைக் கண்ணாடிக்கு ஒரு மீட்டருக்குள் வைத்துவிடலாம். அங்கிருந்து கிளம்பும் பறவை வேகம் பிடிப்பதற்குள் கண்ணாடி வந்துவிடும், அடி பலமாகப் படாது. இல்லையென்றால் பத்து மீட்டருக்கு அப்பால் தள்ளி வைக்க வேண்டும். மோசமான இடம் இரண்டுக்கும் நடுவில்தான்.

இரவு விளக்கும் சேர்ந்தால் சேதம் பெரிதாகிறது. வலசைப் பறவைகள் பல இரவில்தான் பறக்கின்றன. பளீரென்ற வெளிச்சம் அவற்றை வழிமாற்றி ஊருக்குள் இழுத்துவிடும். அமெரிக்காவில், மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் சிகாகோவின் மெக்கார்மிக் பிளேஸ் மாநாட்டு மையத்தில் 2023 அக்டோபரில் ஒரே இரவில் ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான பறவைகள் மோதிச் செத்தன. மறு ஆண்டு அந்தக் கண்ணாடிகளில் சிறு புள்ளிகள் உள்ள படலத்தை ஒட்டினார்கள். மோதல் சுமார் 95 சதவீதம் குறைந்தது.

வெறும் புள்ளியா? ஆமாம், வெறும் புள்ளிதான். ஆனால் அதற்குக் கணக்கு உண்டு. அடர்ந்த இலைகளுக்கு நடுவே புகுந்து பறந்து பழகிய சின்னப் பறவை, இடைவெளியைப் பார்த்ததும் ‘இதற்குள் நுழைய முடியுமா’ என்றுதான் எடைபோடும். புள்ளிக்கும் புள்ளிக்கும் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இல்லையென்றால், முடியாது என்று திரும்பிவிடும். கடைகளில் விற்கும் பருந்து ஸ்டிக்கர் ஒன்றை நடுவில் ஒட்டினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். என்னைக் கேட்டால் அது காசுக்குக் கேடு. பறவை அதைச் சுற்றிக்கொண்டு பக்கத்து வெற்றிடத்தில் மோதும். புள்ளிகளையும் உள்பக்கம் வைத்துப் பயனில்லை. வெளிப்பக்கத்தில் விழும் பிம்பம் அவற்றை மறைத்துவிடும்.

ஜன்னலுக்கு வெளியே கொசுவலை அடித்திருப்பவர்கள் இதெல்லாம் செய்ய வேண்டாம், வலை பிம்பத்தையும் மங்கவைக்கும், மோதினால் அடியையும் தாங்கிக்கொள்ளும். புறாவுக்குக் கட்டும் வலையும் உதவும், விறைப்பாக இருக்க வேண்டும். தொளதொளவென்று தொங்கினால் பறவை சிக்கிக்கொள்ளும். கம்பியும் மரக்கதவும் வைத்த பழைய ஜன்னல்களில் இந்தப் பிரச்சினையே இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து, மரத்தடியில் பெட்டியைத் திறந்தேன். குருவி இரண்டு நொடி விழித்தது, பிறகு தத்தித் தத்திச் சருகுக் குவியலுக்குள் போய் இலைகளைப் புரட்ட ஆரம்பித்துவிட்டது. அதற்குப் பூச்சி கிடைக்கிற இடம் அதுதான். கூட்டுகிற அக்காவிடம் அந்த மூலையை மட்டும் விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.

அந்த வாரமே ஏணி போட்டு, வெளிப்பக்கமாக வெள்ளைப் பெயின்ட்டில் நேர்ப்புள்ளி வைத்தேன், ஸ்கேலால் அளந்து. மூன்றாம் மாடி மாமி படியிறங்கும்போது நின்று பார்த்தார்.

“புள்ளியோட நிறுத்திட்டியேப்பா, கோலத்தை யார் முடிக்கிறது?”