மிச்சிகன் ஏரிக்குத் தனி நாட்காட்டி

மே மாதத்து மதியத்தில் சிகாகோ நகரின் மேற்குப் பகுதியில் 26 டிகிரி வெயில் அடிக்கும். அதே நேரம் மிச்சிகன் ஏரிக்கரையின் சைக்கிள் பாதையில் 13 டிகிரிதான் இருக்கலாம். அரைக்கைச் சட்டையோடு கிளம்பியவர் கரைக்கு வந்ததும் நடுங்குவார்.

காரணம் தண்ணீர். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க, அதே எடை உலர்ந்த மணலுக்கு ஆவதைப்போல் ஐந்து மடங்கு வெப்பம் வேண்டும். மணலில் வெயில் மேற்பரப்போடு நின்றுவிடும். ஏரியில் ஆழமாக இறங்கும், அலையும் அதைக் கலக்கிவிடும். சராசரி ஆழமே 85 மீட்டர். அதனால் நகரம் ஜூலையில் கொதித்தால் ஏரி ஆகஸ்டில்தான் நன்றாகச் சூடாகும். குளிரிலும் இதே தாமதம்தான்: மார்ச்சில்கூட ஏரி உறைநிலையை ஒட்டியே கிடக்கும்.

வசந்தத்தில் தரை சூடேறி அதன்மேல் உள்ள காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்ப ஏரியின் குளிர்காற்று உள்ளே வரும். கடற்காற்று வீசுவதும் இப்படித்தான். கிழக்கு நோக்கி மிதிப்பவருக்கு இது எதிர்காற்று. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதே வேகத்தில் காற்று எதிரே வீசினால், உடம்பில் மோதும் காற்றின் வேகம் 40. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் கூடுவதால், அது இரு மடங்கல்ல, நான்கு மடங்கு. அந்த நேரத்தில் வேகத்தை விட்டுக்கொடுத்து கியரைக் குறைப்பதே புத்திசாலித்தனம்.

இலையுதிர்காலத்தில் ஏரி இந்தக் கடனைத் திருப்பித் தரும். கோடையில் சேர்த்த வெப்பத்தால் கரையோரத்தில் முதல் உறைபனி தள்ளிப்போகும். சைக்கிளுக்கு அக்டோபரைவிட நல்ல மாதம் கிடையாது என்பேன்.

ஆனால் வடக்குக் காற்று வலுத்தால் கரைக்குப் போகக்கூடாது. ஏரியின் நீளம் ஏறக்குறைய 490 கிலோமீட்டர். சிகாகோ இருப்பதோ தெற்கு முனைக்கு அருகில். அவ்வளவு தூரமும் காற்று தள்ளிக்கொண்டு வந்த அலை, ஓக் தெரு அருகே கான்கிரீட் பாதைமீதே ஏறி அடிக்கும். குளிர்காலத்தில் அந்த நீர் பாதையிலேயே உறைந்து கண்ணாடிபோல் படியும்.

அங்கே சைக்கிள் ஏன் சட்டென்று விழுகிறது? வண்டி இடப்பக்கம் சாய்ந்தால் கைப்பிடியை நாம் அறியாமலே இடப்பக்கம் திருப்புகிறோம். சக்கரங்கள் உடம்புக்கு அடியில் வந்து சமநிலை மீள்கிறது. இதற்கு முன்சக்கரம் தரையைப் பற்றியிருக்க வேண்டும். பனிக்கட்டியில் அந்தப் பிடி இல்லை. திருப்பினாலும் சக்கரம் வழுக்கிக்கொண்டு நேராகவே போகும். டங்ஸ்டன் கார்பைடு ஆணிகள் பதித்த டயர் பனியைக் குத்திப் பிடிக்கும். ஒரே ஒரு டயர்தான் வாங்க முடியும் என்றால் முன்சக்கரத்துக்கு வாங்குங்கள்.

காற்றழுத்தத்தையும் பார்க்க வேண்டும். 20 டிகிரி வீட்டுக்குள் 60 பிஎஸ்ஐ அடைத்த டயர், வெளியே மைனஸ் 10-இல் 52 அளவுக்கு இறங்கிவிடும். பஞ்சர் என்று நினைத்து டியூபைக் கழற்ற வேண்டாம். உள்ளிருக்கும் காற்று குளிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.